சொந்தமாகக் கட்டும் கார் ஸ்டீரியோ: வாசகர் கேள்வி பதில்

ஸ்டீரியோ இல்லாத பழைய காருக்குக் குறைந்த செலவில் தாங்களே ஒன்று கட்டிப் பொருத்த விரும்பும் வாசகர்களின் கேள்விகள் இந்த முறை. கேள்விகளில் பாதி ஆம்ப்ளிஃபயர் போர்டைப் பற்றியவை. கோளாறுகளோ பெரும்பாலும் அந்தப் போர்டுக்கு வெளியே, கரண்ட் வரும் ஒயரிலும் எர்த்திலும்தான் (கரண்ட் கார் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் பாதை) வருகின்றன. அதனால் பதில்களில் அந்தப் பக்கத்துக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: புளூடூத்தும் பென் டிரைவும் பாடினால் போதும். குறைந்தபட்சம் என்னென்ன வாங்க வேண்டும்?

பாட்டை எடுத்துக் கொடுக்க ஒரு எம்பி3 புளூடூத் போர்டு, அதைப் பெருக்க ஓர் ஆம்ப்ளிஃபயர் போர்டு, ஒரு ஜோடி ஸ்பீக்கர். இவற்றை யாரும் மறப்பதில்லை. மறந்துபோவது மின்சாரப் பக்கம்: ஃபியூஸ் ஹோல்டரும் ஃபியூஸும், 12 வோல்ட் கார் ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று, 2.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் சிவப்பில் 4 மீட்டர், கறுப்பில் 1 மீட்டர், வளைய லக்குகள் (ஒயர் நுனியில் இறுக்கும் உலோக வளையங்கள்), 25 வோல்ட் தாங்கும் 4700 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், 1என்4007 டயோடு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஒயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் குரோமெட். கெபாசிட்டரில் 16 வோல்ட் வகை வேண்டாம். வண்டி ஓடும்போது லைனில் 14.4 வோல்ட் வரை இருக்கும். அதன் மேல் சிறு துள்ளல் வந்தாலே 16 வோல்ட் எல்லை தாண்டிவிடும். 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

எம்பி3 போர்டு வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். 5 வோல்ட் போர்டும் 12 வோல்ட் போர்டும் முன்பக்கம் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 12 வோல்ட் போர்டின் பின்பக்கம் 78எம்05 மாதிரியான ஒரு ரெகுலேட்டர் இருக்கும். அது இல்லாத போர்டைக் காரின் லைனில் நேரே கொடுத்தால் அப்போதே போய்விடும். அடுத்தது, சில போர்டுகளில் 3 வாட் ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும். அதன் ஸ்பீக்கர் முனைகளைப் பெரிய ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டில் கொடுக்கக் கூடாது. அங்கே மைனஸ் என்று குறித்திருப்பது எர்த் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இடது, வலது, எர்த் என்று மூன்று புள்ளிகள் தனியாக உள்ள போர்டுதான் நமக்கு வேண்டும்.

கேள்வி: நான் பார்த்த போர்டில் 4 x 50 வாட் என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 2 x 15 வாட். 50 வாட் போர்டு மூன்று மடங்கு சத்தம் தருமா?

தராது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கார் ஆம்ப்ளிஃபயர்கள் பிரிட்ஜ் முறையில், அதாவது ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக ஓட்டி, வேலை செய்பவை. அந்த முறையில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்ச வோல்டேஜ், சப்ளை வோல்டேஜைத் தாண்ட முடியாது. 14.4 வோல்ட்டை அதனாலேயே பெருக்கினால் 207. அதை 4 ஓமின் இரு மடங்கான 8 ஆல் வகுத்தால் 26 வாட். ஐசிக்குள் (போர்டில் பெருக்கும் வேலையைச் செய்யும் சிப்) இழப்பே இல்லாவிட்டாலும் ஒரு சானலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கர் வழிக்கு, இவ்வளவுதான். இழப்பைக் கழித்தால் சுத்தமான ஒலி 18 வாட் சுமாருக்கு நிற்கும். இதற்கு மேல் வேண்டுமானால் 12 வோல்ட்டை உயர்த்தித் தரும் கன்வெர்ட்டர் வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபயர்களுக்குள் அது இருக்கிறது, நம் மலிவுப் போர்டுகளில் இல்லை. வாட் இரு மடங்கானாலும் காதுக்கு 3 டெசிபெல்தான், அதாவது லேசாகத்தான், கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

போர்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வாட்டை வைத்து அல்ல, ஐசியை வைத்து. டிடிஏ 7388 காருக்கென்றே செய்யப்பட்ட நான்கு சானல் ஐசி. 4 ஓம் ஸ்பீக்கரை நேரே ஓட்டும், 8 முதல் 18 வோல்ட் வரை வேலை செய்யும், லைனில் திடீரென்று வரும் 50 வோல்ட் துள்ளலையும் நொடியின் சிறு பகுதிக்குத் தாங்கும். முதல் முறை கட்டுபவர்களுக்கு இதையே சொல்வோம்.

டிடிஏ 7297 மலிவானது, வெளிப்பாகங்கள் மிகக் குறைவு. ஆனால் அதன் 15 வாட் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சொன்னது. கார் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். அவற்றோடு சத்தத்தைக் கூட்டினால் ஐசி தன் கரண்ட் எல்லையைத் தொட்டு ஒலி கரகரக்கும், சூடும் ஏறும். வீட்டு ஸ்பீக்கர் 8 ஓமில் இருந்தால் இது நன்றாகவே பாடும்.

டிபிஏ 3116 கிளாஸ் டி வகை, அதாவது வேகமாகத் திறந்து மூடும் ஸ்விட்ச் முறையில் பெருக்குவது. சூடு குறைவு, 26 வோல்ட் வரை தாங்கும். ஆனால் அதன் ஸ்விட்சிங் எஃப்எம் ரேடியோவில் இரைச்சலாகக் கேட்கலாம். டிடிஏ 2030 போர்டைக் காருக்கு வாங்காதீர்கள். அது பிரிட்ஜ் அல்ல. 12 வோல்ட்டில் 4 வாட் சுமாருக்கு மேல் வராது.

கேள்வி: கரண்டை எங்கிருந்து எடுப்பது? சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் இருந்து எடுத்தால் ஆகாதா?

சோதித்துப் பார்க்க ஆகும். நிரந்தரமாக வேண்டாம். அந்த சாக்கெட்டின் தொடர்பு ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் விட்டுவிட்டு வரும், கரண்ட் கூடினால் அந்த முனை சூடாகும்.

பேட்டரியின் பிளஸ்ஸில் லக் வைத்து நேரே எடுங்கள். அங்கிருந்து 45 செ.மீ. தூரத்துக்குள் ஃபியூஸ் வந்துவிட வேண்டும். ஃபியூஸ் ஸ்டீரியோவைக் காப்பதற்கு என்று பலர் நினைத்து அதை டேஷ்போர்டுக்குப் பின்னால், ஸ்டீரியோ பக்கத்தில் வைக்கிறார்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. இன்ஜின் பக்கம் எங்காவது ஒயர் உரசி பாடியில் பட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொடுக்கும். ஃபியூஸ் அந்த இடத்துக்கு அப்பால் இருந்தால் ஒயர் முழுக்கப் பழுத்து எரியும். கார் ஸ்டீரியோவில் தீப்பிடிக்கக் கூடிய முக்கியமான இடம் இது, இதில் சமரசம் கிடையாது.

ஃபியூஸ் அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு சானலும் 18 வாட் வீதம் முழுதாகப் பாடினால் 72 வாட். டிடிஏ 7388 வகை ஐசி உச்சத்தில் 60 சதவீதம் அளவுக்குத்தான் ஒலியாக மாற்றும். ஆகவே எடுப்பது 120 வாட், 13.8 வோல்ட்டில் 8.7 ஆம்பியர். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை என்பதால் 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஒயர் 2.5 சதுர மி.மீ. இரண்டு சானல் மட்டும் என்றால் 5 ஆம்பியர் ஃபியூஸும் 1.5 சதுர மி.மீ. ஒயரும் போதுமானவை. 1.5 சதுர மி.மீ. செப்பு ஒயர் மீட்டருக்கு 12 மில்லி ஓம் இருக்கும். 4 மீட்டரில் 4 ஆம்பியர் ஓடினால் இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்தான். செப்பு பூசிய அலுமினிய ஒயர் கிடைத்தால் அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள், அதன் தடை அதிகம்.

ஒயர் இன்ஜின் பக்கமிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் குரோமெட் கட்டாயம். அந்தத் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. அதிர்வில் ஒரு சில மாதங்களில் இன்சுலேஷனை அறுத்துவிடும்.

எர்த்துக்குப் பேட்டரி வரை ஒயர் ஓட்ட வேண்டியதில்லை. ஆம்ப்ளிஃபயரில் இருந்து அரை மீட்டருக்குள் கார் பாடியில் பற்றவைத்த தகடு ஒன்றில் போல்ட் பாருங்கள். பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து லக்கை முறுக்கி, மேலே கிரீஸ் தடவி விடுங்கள், துரு வராது. டேஷ்போர்டு பிராக்கெட் ஸ்க்ரூவில் எர்த் எடுக்காதீர்கள். அது பாதி நேரம் பிளாஸ்டிக்கில்தான் நிற்கிறது. முடித்ததும் பாட்டைச் சத்தமாக வைத்து, ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸ்ஸுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்ல எர்த். 0.3, 0.4 என்று வந்தால் போல்ட்டைக் கழற்றி மறுபடி தேயுங்கள்.

கேள்வி: ஸ்டீரியோ பொருத்திய பிறகு, வண்டியை இரண்டு வாரம் எடுக்காவிட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. பாட்டை நிறுத்தித்தான் வைக்கிறேன்.

பாட்டு நின்றாலும் போர்டு நிற்பதில்லை. ஸ்டாண்ட்பைக்கு (உறக்க நிலைக்கு) போகாத டிடிஏ 7388 சும்மா இருக்கும்போதே 0.2 ஆம்பியர் அளவு எடுக்கும். ஒரு நாளில் 4.8 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி பேட்டரி ஒரே வாரத்தில் காலி. புளூடூத் போர்டு மட்டும் 50 மில்லி ஆம்பியர் எடுத்தாலும் இரண்டு வாரத்தில் 17 ஆம்பியர் மணி, அதாவது பாதி பேட்டரி. உங்கள் கணக்கு இதற்கு ஒத்துவருகிறது.

ரிலே போடுங்கள். பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாக வரும் ஒயர் ரிலேயின் 30 ஆம் முனைக்கு. 87 ஆம் முனையில் இருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் புளூடூத் போர்டுக்கும். சாவியை ஆக்சசரி நிலைக்குத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஒயரை 86க்குக் கொடுத்து, 85ஐ எர்த் செய்யுங்கள். 87ஏ என்று ஒரு முனை இருந்தால் அதைத் தொட வேண்டாம்; அது ரிலே ஓய்வில் இருக்கும்போது கரண்ட் தரும் முனை, அதில் கொடுத்தால் எல்லாம் தலைகீழாகும். 85க்கும் 86க்கும் குறுக்கே 1என்4007 டயோடைப் போடுங்கள், வெள்ளைக் கோடு உள்ள பக்கம் 86இல். ரிலே விடுபடும்போது அதன் கம்பிச்சுருள் (காயில்) எறியும் துள்ளலை அது அடக்கும். ரிலே காயில் எடுப்பது 0.15 ஆம்பியர் அளவுதான் என்பதால் சாவி சுவிட்சுக்குச் சுமை கிடையாது.

கேள்வி: டேஷ்போர்டைத் திறந்தால் ஏற்கெனவே ஸ்டீரியோவுக்கு ஓட்டிய ஒயர்கள் கட்டாக இருக்கின்றன. எது எதற்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு 8 முனைக் கனெக்டர்களாக இருந்தால் அது ஐஎஸ்ஓ 10487 முறை. சந்தையில் கிடைக்கும் அதற்குரிய இணைப்புக் கட்டில் மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவியோடு வரும் 12 வோல்ட், கறுப்பு எர்த், ஆரஞ்சு விளக்கு, நீலம் ஆன்டெனா. ஸ்பீக்கரில் வெள்ளை இடது முன், சாம்பல் வலது முன், பச்சை இடது பின், ஊதா வலது பின். அதே நிறத்தில் கறுப்புக் கோடு போட்டது மைனஸ். காரின் பக்கத்து ஒயர் நிறங்கள் ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். சில கார்களில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியும் இருக்கும். அதனால் நிறத்தை நம்பி இணைக்காமல் மீட்டர் வைத்து, சாவி எடுத்த நிலையிலும் திருப்பிய நிலையிலும் ஒருமுறை பாருங்கள்.

ஸ்பீக்கர் ஜோடியைக் கண்டுபிடிக்க 1.5 வோல்ட் பேட்டரி செல் போதும். இரண்டு ஒயரில் ஒரு நொடி தொட்டு எடுத்தால் அந்த ஸ்பீக்கரில் 'டக்' என்று கேட்கும். கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட ஒயர்தான் பிளஸ். இதை ஸ்பீக்கர் ஒயரில் மட்டும்தான் செய்ய வேண்டும். மஞ்சள் குழாயில் அல்லது மஞ்சள் கனெக்டரில் போகும் ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றில் செல்லோ, டெஸ்ட் லாம்போ, மீட்டரோ வைக்கவே கூடாது. வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்துவிட்டுக் கை வையுங்கள். வோல்டேஜ் பார்க்க மறுபடி மைனஸைப் போடும்போது கை ஏர்பேக் ஒயர்களின் பக்கமே போகக் கூடாது.

கேள்வி: எல்லாம் சரியாக இணைத்தும், ஆன் செய்த உடனே ஐசி புகைந்துவிட்டது. ஸ்பீக்கர்கள் பழைய ரேடியோவில் நன்றாகப் பாடியவைதான்.

பழைய ரேடியோவில் பாடியது என்பதில்தான் விடை இருக்கிறது. பழைய ரேடியோக்கள் பலவற்றில் ஸ்பீக்கர்களின் மைனஸ் பொதுவாக பாடி எர்த்தில் இருந்தது. பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் எர்த்தைவிட 6, 7 வோல்ட் மேலே நிற்கும். ஒன்றை எர்த் செய்தால் ஐசியின் ஒரு பாதி நேரே ஷார்ட். நல்ல ஐசிக்கள் பாதுகாப்போடு அணைந்துகொள்ளும். போலி ஐசிக்கள் புகையும்.

அடுத்த ஐசியைப் போடும் முன் எல்லா ஸ்பீக்கர் ஒயர்களையும் ஆம்ப்ளிஃபயரில் இருந்து பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பாடிக்கும் இடையே ஓம் பாருங்கள். ஒன்றுகூட தொடர்பு காட்டக் கூடாது. இடது மைனஸுக்கும் வலது மைனஸுக்கும் இடையிலும் அப்படியே. தொடர்பு காட்டினால் பழைய ஒயரைத் தேடித் திருத்துவதைவிட ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிய இரட்டை ஒயர் ஓட்டுவது சுலபம், 0.75 சதுர மி.மீ. போதும்.

கேள்வி: இன்ஜின் ஓடாதபோது ஒலி சுத்தம். ஸ்டார்ட் செய்தால் 'ஙொய்' என்ற சத்தம், ஆக்சிலரேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. ஃபில்டர் வாங்கிப் போட்டேன், பயனில்லை.

ஃபில்டரை எந்தப் பாதைக்குப் போடுவது என்று தெரியாமல் போட்டால் பயன் இருக்காது. சத்தத்தின் மூலம் ஆல்டர்னேட்டர்தான். அது தரும் டிசியில் சிறு அலை மிச்சம் இருக்கும். இன்ஜின் ஐடிலிங்கில் இருக்கும்போதே அந்த அலை நொடிக்கு ஆயிரம் தடவை அளவில் இருக்கும், வேகம் கூடக் கூட ஏறும். அது ஆம்ப்ளிஃபயருக்குள் வர இரண்டு வழி. ஒன்று சப்ளை ஒயர், இன்னொன்று எர்த் லூப்.

முதலில் எது என்று பிரியுங்கள். இன்ஜின் ஓடட்டும். ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டில் வரும் ஆடியோ ஒயரைக் கழற்றி, இடது, வலது இன்புட்டுகளை ஆம்ப்ளிஃபயர் போர்டின் சொந்த எர்த்தோடு ஷார்ட் செய்யுங்கள். சத்தம் நின்றால் எர்த் லூப். நிற்காவிட்டால் சப்ளை ஒயர். எங்கள் அனுபவத்தில் எர்த் லூப்தான் அதிகம், உங்கள் ஃபில்டர் பலிக்காததும் அதையே காட்டுகிறது.

எர்த் லூப் என்றால் புளூடூத் போர்டு ஓரிடத்திலும் ஆம்ப்ளிஃபயர் வேறிடத்திலும் எர்த் ஆகியிருக்கிறது. இரண்டு இடத்துக்கும் நடுவே பாடியில் சில மில்லி வோல்ட் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் ஆடியோ ஒயரின் ஷீல்டு வழியாக ஓடி, பாட்டோடு சேர்ந்து பெருகுகிறது. இரண்டையும் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயரில். பெட்டி உலோகம் என்றால் வால்யூம் கன்ட்ரோலின் உடலும் ஆக்ஸ் சாக்கெட்டின் உடலும் பெட்டியைத் தொட்டு இன்னொரு எர்த் ஆகியிருக்கலாம். பிளாஸ்டிக் வாஷர் போட்டுப் பிரியுங்கள். போனைக் காரிலேயே சார்ஜ் செய்துகொண்டு ஆக்ஸ் ஒயரில் பாட வைப்பவர்கள் சார்ஜர் ஒயரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் லூப் அங்கே. இதற்கு ஆடியோ ஒயரின் நடுவில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் போடலாம். உள்ளே ஒன்றுக்கு ஒன்று விகிதத்தில் இரண்டு சிறு டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும். மிகச் சிறிய டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் பேஸ் கொஞ்சம் குறையும். ஆகவே எர்த்தை முதலில் திருத்துங்கள், ஐசொலேட்டர் அதற்குப் பிறகு.

சப்ளை ஒயர் என்றால் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் 1 மில்லி ஹென்றி சோக் (கம்பிச்சுருள்) ஒன்றைத் தொடராகவும், அதன் பிறகு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் 4700 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை எர்த்துக்கும் போடுங்கள். இந்த ஜோடி 73 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டத் தொடங்கும். ஆயிரம் ஹெர்ட்ஸ் அலை அடிபட்டுப் போகும். சோக்கின் ஆம்பியர் உங்கள் ஃபியூஸைவிட அதிகமாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி சுற்றிய சோக் சூடாகி, பேஸ் வரும் போதெல்லாம் வோல்டேஜைக் கீழே இழுக்கும்.

இரண்டும் செய்தும் போகாவிட்டால் ஆல்டர்னேட்டரின் டயோடையே சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள், 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு ஒன்று போயிருக்கலாம். சில மலிவு மீட்டர்கள் ஏசி நிலையிலும் டிசியைச் சேர்த்து 25, 28 என்று காட்டும். அப்போது புரோபில் 1 மைக்ரோ ஃபாரட் முனைபேதமில்லாத கெபாசிட்டரைத் தொடராக வைத்து அளக்கலாம்.

கேள்வி: எனக்கு இன்ஜின் நின்றிருந்தாலும் பாட்டின் இடைவெளியில் 'கிர்ர், டிக் டிக்' என்று கேட்கிறது.

புளூடூத் சிப் துண்டு துண்டாகக் கரண்ட் இழுக்கும்போது வரும் சத்தம் அது. போர்டும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே சப்ளையில் இருக்கும்போது அந்தக் கரண்டின் ஒரு பகுதி ஆடியோ எர்த் வழியாகத் திரும்புகிறது. உறுதி செய்ய, 5 வோல்ட் போர்டு என்றால் பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் மறைந்தால் நோய் இதுதான்.

மருந்து பி0505எஸ் என்ற சின்னக் கறுப்பு மாட்யூல். 5 வோல்ட் வாங்கி, எர்த் தொடர்பே இல்லாத வேறு 5 வோல்ட் தரும். 7805 ரெகுலேட்டரில் இருந்து அதற்கும், அதில் இருந்து புளூடூத் போர்டுக்கும் கொடுங்கள். போர்டின் எர்த் இனி ஆடியோ ஒயர் வழியாக மட்டுமே ஆம்ப்ளிஃபயரைத் தொட வேண்டும். வேறெங்கும் பாடியில் படக் கூடாது. அதன் அளவு 1 வாட், அதாவது 200 மில்லி ஆம்பியர். புளூடூத்துக்குத் தாராளம், பென் டிரைவ் செருகினால் பற்றாமல் போகலாம். பென் டிரைவும் வேண்டுமென்றால் மேலே சொன்ன ஐசொலேட்டரை ஆடியோவில் போடுவதே வழி.

கேள்வி: ஆன் செய்யும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று உதைக்கிறது.

டிடிஏ 7388இல் ஸ்டாண்ட்பை, மியூட் என்று தனித்தனி முனைகள் உண்டு. மலிவுப் போர்டுகளில் இரண்டையும் நேரே பிளஸ்ஸில் கட்டியிருப்பார்கள். அதைப் பிரித்து, ஸ்டாண்ட்பைக்கு 10 கிலோ ஓம் வழியாகவும் மியூட்டுக்கு 47 கிலோ ஓம் வழியாகவும் கொடுத்து, இரண்டு முனையிலும் 1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரை எர்த்துக்குப் போடுங்கள். மியூட் தாமதமாகத் திறக்கும், உதை காதுக்கு வராது.

கேள்வி: காரில் பொருத்தும் முன் வீட்டில் சோதிக்க பேட்டரி சார்ஜர் போதுமா?

கூடாது. சாதாரண சார்ஜரின் வெளியீடு வடிகட்டாத டிசி. உச்சம் 20 வோல்ட்டையும் தாண்டலாம். பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் நல்லது: பெரிய கனெக்டரில் பச்சையையும் கறுப்பையும் இணைத்தால் ஓடும், மஞ்சளில் 12 வோல்ட், கறுப்பு எர்த்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது பிளஸ் ஒயரில் 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக வையுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழுதாக எரியும், போர்டு தப்பிக்கும். மங்கலாக அல்லது எரியாமல் இருந்தால் சரி. ஸ்பீக்கரை மாட்டும் முன், ஒவ்வொரு சானலிலும் பிளஸ் மைனஸ் இடையே டிசி பாருங்கள். 0.1 வோல்ட் சுமாருக்குள் இருக்க வேண்டும். எர்த்தில் இருந்து பார்த்தால் ஒவ்வொரு முனையும் சப்ளையில் பாதி காட்ட வேண்டும். இவை சரி என்றால் பல்பை எடுத்துவிட்டு அரை மணி நேரம் பாட விடுங்கள். ஹீட் சிங்கில் விரலைச் சில நொடிகூட வைத்திருக்க முடியாத அளவு சூடானால் பெரிய ஹீட் சிங்க் தேவை.

கேள்வி: பெட்டியை 3டி பிரிண்டரில் செய்து, போர்டுகளை ஹாட் க்ளூவால் ஒட்டலாம் என்றிருக்கிறேன்.

வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 70 டிகிரியைத் தொடும். பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே தளர்ந்து வளையும், ஹாட் க்ளூவும் அந்தச் சூட்டில் பிடி விடும். அலுமினியப் பெட்டிதான் சரி, ஐசியை அதன் சுவரில் தெர்மல் பேஸ்ட் தடவித் திருகினால் பெட்டியே ஹீட் சிங்க் ஆகும். டிடிஏ 7388இன் பின்தகடு எர்த்தோடு சேர்ந்தது என்பதால் இடையே மைக்கா இன்சுலேட்டர் தேவையில்லை. ஆனால் அப்படித் திருகினால் பெட்டியும் எர்த் ஆகிவிடும், அதை வேறு எங்கும் பாடியில் பட விடாமல் ரப்பர் வைத்து நிறுத்துங்கள். டேஷ்போர்டின் ஸ்டீரியோ திறப்பு 182 x 53 மி.மீ., அதற்கேற்பப் பெட்டியை அளவெடுங்கள்.

போர்டுகளை நட்டு, ஸ்பேசர், ஸ்பிரிங் வாஷரோடு நிறுத்துங்கள். அதிர்வுள்ள இடத்தில் ஒயரைச் சால்டர் செய்தால் ஈயம் ஏறிய இடத்தின் விளிம்பில்தான் ஒடியும். லக் வைத்து நசுக்கி இறுக்குவது (கிரிம்ப்) மேல். சால்டர் தவிர்க்க முடியாத இடத்தில் ஸ்லீவ் போட்டு, ஒயரை 3 செ.மீ. தள்ளிக் கட்டி வையுங்கள். இன்சுலேஷன் டேப் வெயிலில் பிசினாகி அவிழும், அதை மறந்துவிடுங்கள். இன்னொன்று: வீட்டு புளூடூத் ஸ்பீக்கரைப் பிரித்து அதன் லித்தியம் செல்லோடு டேஷ்போர்டுக்குள் வைக்கக் கூடாது. அந்தச் சூடு செல்லுக்கு ஆபத்து.

கேள்வி: 6.5 அங்குல ஸ்பீக்கரைக் கதவில் மாட்டியும் பேஸே இல்லை.

முதலில் பேலன்ஸை ஒரு பக்கமாகத் திருப்பிக் கேளுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாடும்போது பேஸ் கூடினால் ஒரு ஸ்பீக்கரின் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது. ஒரு பக்கத்தை மட்டும் மாற்றுங்கள்.

அது சரியாக இருந்தால் கதவுதான் காரணம். ஸ்பீக்கரின் பின்னால் வரும் அலை, சட்டத்தைச் சுற்றியுள்ள இடைவெளி வழியாக முன்னால் வந்து பேஸை அழிக்கிறது. ஸ்பீக்கருக்கும் தகட்டுக்கும் நடுவே ஃபோம் வளையம் வைத்து இறுக்குங்கள். உட்தகட்டின் பெரிய ஓட்டைகளை மூடுங்கள். ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கி, அது காந்தத்தில் இடிக்காததை முதலிலேயே பாருங்கள். தண்ணீர் தடுக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிந்துவிடாதீர்கள், மழைநீர் கதவுக்குள் இறங்கும். சிறு ட்வீட்டர் சேர்ப்பவர்கள் 4 ஓமுக்கு 10 மைக்ரோ ஃபாரட் முனைபேதமில்லாத கெபாசிட்டரைத் தொடராகப் போட்டால் 4000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளது குறையும்.

கேள்வி: இரண்டு சானல் போர்டில் நான்கு ஸ்பீக்கர் இணைக்கலாமா?

4 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாகப் போட்டால் 2 ஓம். ஐசி சூடாகி அணைந்து அணைந்து வரும். தொடராகப் போட்டால் 8 ஓம், பாதுகாப்பானது, சத்தம் சற்றுக் குறையும். டிடிஏ 7297 வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. மற்றவர்கள் நான்கு சானல் போர்டுக்குப் போங்கள், விலை வித்தியாசம் பெரிதல்ல.

கேள்வி: எஃப்எம் சரியாக எடுப்பதில்லை.

இந்தப் போர்டுகளில் ஆன்டெனாவுக்கு ஒரு புள்ளிதான் இருக்கும். அதில் 75 செ.மீ. ஒயரைச் சால்டர் செய்து முன் கண்ணாடித் தூணின் பிளாஸ்டிக்குக்குள் ஓட்டுங்கள். 100 மெகா ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளம் அது. காரின் ஆன்டெனா இருந்தால் கோஆக்சியலின் நடு ஒயரை அதில் கொடுத்து ஷீல்டைப் போர்டின் எர்த்தில் சேர்க்கலாம். ஆனால் ஆன்டெனாவின் அடி பாடியில் எர்த் ஆகியிருக்கும், அது எர்த் லூப்பைத் திரும்பக் கொண்டுவரும். அப்போது ஷீல்டில் 1000 பிக்கோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராக வையுங்கள். ரேடியோ அலை போகும், ஆல்டர்னேட்டர் சத்தம் போகாது.

கேள்வி: லாரியில் 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால்?

பாடும், ஆனால் அந்தப் பேட்டரி மட்டும் தொடர்ந்து இறங்கி, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகும். கடைசியில் இரண்டும் கெடும். 24இல் இருந்து 12க்கு மாற்றும் கன்வெர்ட்டரைப் போடுங்கள், 10 ஆம்பியர் அளவில். ஓட்டத்தில் லைன் 28 வோல்ட் இருக்கும், அதைத் தாங்குவதாகப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டார்ட் செய்யும்போது புளூடூத் அணைந்து மறுபடி இணைகிறது. கெபாசிட்டர் வைத்தால் தாங்குமா?

ஸ்டார்ட்டர் சுழலும்போது சாவி சுவிட்ச் ஆக்சசரி லைனையே துண்டிக்கிறது, ரிலேயும் விடுகிறது. 0.1 ஆம்பியர் எடுக்கும் போர்டை 2200 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் நொடியில் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் தாங்கும். 5 நொடி தாங்க 80,000 மைக்ரோ ஃபாரட்டுக்கு மேல் வேண்டும். அதற்குச் செலவழிக்காமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்த பிறகு போனை இணையுங்கள்.